மாடியில் இருந்த பெருங்குரு

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்கு மோட்டார் போட்டு 5.50-க்கு நிறுத்தினேன். முந்தின நாள் தொடங்கிய மழை விடவில்லை. தீபாவளி போய் இரண்டு நாள் ஆகியும் வெடித்த காகிதம் வாசலில் ஊறிக் கிடந்தது, பெருக்க முடியவில்லை. 6.15-க்குக் காபி. 6.40-க்குப் பேப்பர் நனைந்து வந்தது. முதல் பக்கத்தை மட்டும் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் படித்தேன். 7.05-க்கு மாடிக்குப் போனேன். பெரியவரின் உதடுகள் நீலமாகியிருந்தன. அவரைத் தொட எனக்கு அனுமதி இல்லை, நேரம் நெருங்கிவிட்டது பார்த்தாலே தெரிந்தது. 7.20-க்கு அலுவலகத்துக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.

அவர் எங்கள் வீட்டு மாடியில் இருந்தது நாற்பத்தேழு நாள். பெயரை எழுதப்போவதில்லை. நான் அவரைப் பெரியவர் என்றேன், என் மனைவி செல்வி தாத்தா என்றாள், ஆட்டோ ஓட்டும் ஏழுமலை வெள்ளச்சாமி என்றான். தலைமுடியிலும் தாடியிலும் வாழ்நாளில் கத்தரி பட்டதில்லை. உடுத்துவது வெள்ளை மட்டும்.

எங்கள் வீடு மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து மூன்றாவது குறுக்குத் தெரு. கதிர்காமம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு மாடியை மாத வாடகைக்கு விடுவோம். இருதய ஆபரேஷனுக்காக அவரை அழைத்துவந்தவன் அவருடைய அக்கா மகன் சினான். சிட்னியில் பஸ் ஓட்டுகிறான், நாற்பது வயது இருக்கும். தெற்கு இராக்கில் ஆற்றங்கரைகளில் வாழ்ந்துவந்த மந்தேயர் என்ற சிறு சமயத்தார் அவர்கள். முஸ்லிம்கள் அல்ல, கிறிஸ்தவர்களும் அல்ல. ஓடும் ஆற்றில் முங்கி எழுவதுதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய சடங்கு. போர்களுக்குப் பிறகு பல நாடுகளில் சிதறிப்போனார்கள். இதெல்லாம் சினான் முதல் வாரத்தில் சொன்னது.

பெரியவர் ஒரு காலத்தில் பஸ்ராவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் பேசுவார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வைப்பதுபோல.

வந்த அன்றே என்னிடம் கேட்டார்: "வடக்கு எது?"

ஜன்னல் பக்கம் கைகாட்டினேன்.

"பார்த்துச் சொன்னீர்களா, தெரியும் என்று சொன்னீர்களா?"

நில அளவைத் துறையில் வரைபடம் வரைகிறவனை இப்படி யாரும் கேட்டதில்லை. கீழே போய்த் திசைகாட்டியை எடுத்துவந்தேன். காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல என்று விளக்கி, வித்தியாசத்தைக் கழித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். நான் முதலில் காட்டியது கிட்டத்தட்ட ஒரு கை அகலம் பிசகியிருந்தது. கட்டிலை அந்தக் கோட்டுக்கு நேராகத் திருப்பச் சொன்னார், கால்கள் வடக்கே இருக்கும்படி. எழுந்து உட்கார்ந்தால் முகம் வடக்கைப் பார்க்கும். ஒளியின் உலகம் அந்தப் பக்கம் என்றார். என்னை சர்வேயர் என்று கூப்பிட்டார். நான் சர்வேயர் இல்லை, டிராஃப்ட்ஸ்மேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறாகக் கூப்பிடவில்லை.

எதற்கும் உடனே ஆம் என்று சொல்லமாட்டார். அதுதான் அவர். சாப்பிட்டீர்களா என்றால் தட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பார். மாத்திரை போட்டாச்சா என்றால் அட்டையை எடுத்து எண்ணுவார். அடுப்பை அணைத்துவிட்டீர்களா என்று செல்வி கீழேயிருந்து சைகையில் கேட்டால், உள்ளே போய்ப் பார்த்து, வந்து, தலையாட்டுவார். ஒருமுறை இரண்டாவது தடவையும் கேட்டாள். இரண்டாவது தடவையும் உள்ளே போனார்.

"உங்களுக்கு ஒரு ஜோடி கெடைச்சிட்டாருங்க," என்றாள் என்னிடம். "நீங்க எழுதி வெச்சிக்கிறீங்க, அவரு போய்ப் பாத்துட்டு வராரு. நடுவுல நான் ஒருத்தி, ஞாபகத்துலயே குடும்பம் நடத்துறேன்."

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. தொட்டித் தண்ணீர் வேண்டாம், நிற்கும் தண்ணீர் செத்த தண்ணீர் என்றுவிட்டார். காலையில் நான் மோட்டார் போடும்போது பூமியிலிருந்து நேராக ஏறிவரும் தண்ணீரைக் குழாயடியில் நின்று பிடிப்பார். விடிவதற்குள் கை, முகம், காது, முழங்கால், பாதம் என்று வரிசையாகக் கழுவுவார். வரிசையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து.

"தொட்டில நிக்கிறது செத்த தண்ணியாமே," என்றாள் செல்வி. "அப்போ இருவது வருஷமா நாம இன்னாத்துல சோறாக்கித் தின்னுறோம்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலையின் ஆட்டோவில் வில்லியனூர் ஆற்றுக்குப் போவோம். ஏழுமலை வைத்திக்குப்பத்துக்காரன். கூடப் பிறந்தவர்கள் கடலுக்குப் போகிறார்கள், இவன் மட்டும் கரையில் நின்றுவிட்டவன். "இன்னா சார் இது, கடலையே பக்கத்துல வெச்சிக்கினு இத்தினிக்கூண்டு ஆத்துக்குப் போறோம்?" என்றான். உப்புத் தண்ணீர் ஆகாது, ஓடவும் வேண்டும் என்றேன். "கடலும்தான் ஓடுது சார். ஓடி ஓடித் திரும்பி வருது, அவ்ளோதான்."

அக்டோபர் 8 அன்று ஆற்றில் தண்ணீர் குறைவு. பெரியவர் கரையில் நின்று ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி நீரில் போட்டார். அது நின்ற இடத்திலேயே நின்றது. கால் மணி நேரம் பார்த்தார். இலை நகரவில்லை. காலைக்கூட நனைக்காமல் திரும்பி வந்து ஆட்டோவில் ஏறினார். வீடு வரும்வரைக்கும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அது ஏமாற்றம் இல்லை. பயந்தவரின் பிடி அது. எதற்குப் பயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

நவம்பர் 4, சனிக்கிழமை, மாலை 5.40. மழை இருட்டு, கரண்ட் இல்லை. மாடிக் கதவில் செருகியிருந்த கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்க செல்வி வாசற்படியில் போய் நின்றிருக்கிறாள். தலையில் முந்தானை, கையில் அந்தத் தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்ததும் ஒரு சத்தம் போட்டார். நான் கீழே இருந்து கேட்டேன். மனிதர் போடும் சத்தமாக இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். கோப்பை உடைந்து கிடந்தது. செல்வியைப் பார்த்துத் தன் மொழியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சினான் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"எதைப் பற்றி என்று புரியவில்லை," என்றான். "இன்னும் சேரவில்லையா, இன்னும் சேரவில்லையா என்கிறார்."

அன்று இரவே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆபரேஷன் தாங்காது, விமானத்திலும் ஏற்ற முடியாது, அதிக நாள் இல்லை என்றார் டாக்டர். ஒன்பதாம் தேதி, சொந்தப் பொறுப்பில் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துவந்தோம். செல்வி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் போய் நின்னதாலதான்ங்க," என்றாள். "இன்னாத்தப் பாத்தாரு என்கிட்ட?"

பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குப் பெரியவர் எனக்குச் சொல்லியனுப்பினார். சினானை மருந்து வாங்க அனுப்பிவிட்டிருந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்.

"டிராஃப்ட்ஸ்மேன், நீங்கள் நேரத்தைப் பார்த்து எழுதுகிறவர். எனக்கு ஒரு வேலை செய்யவேண்டும்."

சொன்னார். அன்று மாலையே நோட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே சுருக்கித் தருகிறேன்.

ஒரு மந்தேயர் சாகும் தறுவாயில், உயிர் இருக்கும்போதே ஆற்றுநீரால் உடலைக் கழுவி, புனித வெள்ளை உடையை உடுத்திவிட வேண்டும். சட்டை, கால்சட்டை, தலைப்பாகை, தோள்துணி, கடைசியாகக் கம்பளி நூல் கச்சை. கச்சையின் இரண்டாவது முடிச்சு விழும்போது மூச்சு இருந்தாக வேண்டும். முன்னதாக உடுத்தி வைத்துக்கொள்ளவும் முடியாது. உடல் ஒரு சொட்டு அசுத்தப்பட்டாலும் உடை செல்லாது. அவருக்கோ நீர் பிரியும் மாத்திரை. ஆற்றுநீரையும் பிடித்து வைக்கமுடியாது; குடத்தில் ஓர் இரவு நின்றால் அது செத்த தண்ணீர். உடையில்லாமல் போகும் உயிர், ஒளியின் உலகத்துக்குப் போகும் வழியில் உள்ள காவல்நிலையங்களில் மாட்டிக்கொள்ளும். அங்கே காவலர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல உடை வேண்டும்.

"உடை இல்லாமல் இறந்துவிட்டால் பரிகாரம் இல்லையா?" என்று கேட்டேன்.

"உண்டு. உயிரோடிருக்கும் ஒருவர் இறந்தவருக்குப் பதிலாக நின்று உடுத்திக்கொள்வார். உடை அங்கே போய்ச் சேரும். ஆனால் நிற்பவர் இறந்தவருக்கு நிகரானவராக இருக்கவேண்டும். பெண்ணுக்குப் பெண். குருவுக்குக் குரு."

"உங்களுக்கு?"

குருமாரில் மூன்று படி என்றார். முதல் படி, சாதாரண குரு. இரண்டாவது, பெருங்குரு. ஏழு பேரைப் பெருங்குருவாக்கிய ஒருவருக்கே மூன்றாவது படி. அதற்கு ரிஷம்மா என்று பெயர், மக்களின் தலை. "எங்கள் வழியில் அந்தப் படியில் இன்று நான் ஒருவன்தான். எனக்குப் பதிலாக நிற்க ஆள் இல்லை."

மக்களின் தலை என்று சொல்லும்போது அந்தக் குரலில் பெருமை துளியும் இல்லை. உச்சாணிக் கிளையில் ஏறிவிட்டு இறங்க வழி தெரியாதவனின் குரல்.

"என் மருமகன் என்னை நேசிக்கிறான். மூச்சு போன பிறகும் இருந்தது என்று சொல்வான். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். என்னைத் தொடாமல், கண்ணால் மட்டும்."

சரி என்றேன். பிறகு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சாதாரண குரு ஒருவர் பெருங்குரு ஆக, ஒளியின் உலகத்துக்கு ஒரு கடிதம் போகவேண்டுமாம். எடுத்துப்போக வேண்டியவர், சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பக்தியுள்ள மனிதர். அவரைக் கழுவி, உடுத்தி, செய்தியைக் காதில் சொல்லிக் கடிதத்தை அவர் கையில் ஒப்படைப்பார்கள். கடிதம் அங்கே சேர்ந்தால்தான் இங்கே படி ஏறியது செல்லும். பெரியவருக்கு அப்போது முப்பது வயது. அப்படி ஒருவர் அமைய மூன்று வருடம் காத்திருந்தார். வெள்ளித் தட்டான் ஒருவரின் விதவை ஒப்புக்கொண்டாள். அவள் பெயரையும், அவள் தாயின் பெயரையும் எனக்குச் சொன்னார். ஆற்றங்கரையில் நாணல் குடிசை போட்டாயிற்று. நான்கு ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்தாயிற்று. கச்சையைக் கட்ட இவர் அவள் கிடந்த அறைக்குள் போனார்.

"கட்டினேன். கண்கள் திறந்திருந்தன. வெளியிலிருந்து என் குரு கேட்டார், உயிர் இருக்கிறதா என்று. ஆம் என்றேன். சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"மூச்சு இல்லை. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. முடிச்சுக்கு முன்பா, பின்பா, தெரியாது. இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னொரு பெண் அவளுக்காக உடுத்தியிருப்பாள். அவள் போயிருப்பாள். நான் ஆம் என்றதால் யாரும் உடுத்தவில்லை." வாசற்படியைப் பார்த்தார். "அவள் முதல் காவல்நிலையத்தில் நிற்கிறாள், டிராஃப்ட்ஸ்மேன். கையில் என் கடிதத்தோடு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் போகும்போது முதலில் அவளைத்தான் பார்ப்பேன்."

மழையில் கரண்ட் பில்லோடு செல்வி நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. திரும்பி வாசலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?"

"இல்லை. சொன்னால் நான் பெருங்குரு இல்லை. நான் உயர்த்திய ஏழு பேர் இல்லை. அவர்கள் நடத்திய கல்யாணங்கள் இல்லை. இதைச் சொல்லாதீர்கள் என்று உங்களிடம் கேட்கமாட்டேன். சொல்லுங்கள் என்றும் கேட்கமாட்டேன். எனக்குப் பயம்."

நான்கு நாள் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை.

9.10-க்கு சினானும் ஏழுமலையும் ஆற்றுநீர் எடுக்கக் கிளம்பினார்கள். போக வர ஒரு மணி நேரம் போதும். 9.55-க்கு சினான் போன் செய்தான்: ஆற்றில் வெள்ளம், படித்துறையில் இறங்க விடவில்லை, வேறு இடம் பார்க்கிறோம். 10.30-க்கு மறுபடியும்: தண்ணீர் கிடைத்துவிட்டது, சாலையில் முழங்கால் தண்ணீர், ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வருகிறோம்.

மாடியில் அவரும் நானும் மட்டும். மூச்சு கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். நின்ற இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து விநாடி. ஏழு.

"வாசலில் யாராவது நிற்கிறார்களா?" என்றார்.

"இல்லை."

"பார்த்தீர்களா?"

எழுந்து போய் வாசற்படியில் நின்று, படிக்கட்டை அடிவரைக்கும் பார்த்தேன். சாரலில் நனைந்து காலியாகக் கிடந்தது. "பார்த்தேன். யாரும் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோது எனக்கே ஒரு எண்ணம்: யாராவது நின்றிருந்தால் என்ன சொல்வேன்? அந்த நினைப்போடு படிக்கட்டைப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

11.02-க்கு ஆட்டோ வந்தது. சினான் இரண்டு குடங்களோடு ஏறிவந்தான், இடுப்புவரைக்கும் சேறு. கையைக் கழுவிக்கொண்டு ஆரம்பித்தான். தலையிலிருந்து கால்வரைக்கும் மூன்று முறை நீர். துவட்டல். சட்டை. கால்சட்டை. தலைப்பாகை மடிப்பு சரியாக வராமல் ஒரு தடவை அவிழ்த்துக் கட்டினான். வாயில் மந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் கட்டிலின் கால்பக்கம் கையில் கடிகாரத்தோடு நின்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவெளி பதினொன்று. பதினான்கு. கச்சையை மூன்று சுற்றுச் சுற்றினான். முதல் முடிச்சு. நெஞ்சு ஏறி இறங்கியது, பார்த்தேன். இரண்டாவது முடிச்சை இழுத்தான்.

அது விழுந்த நேரத்தைக் குறிக்கவேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். 11.22.

நிமிர்ந்தபோது நெஞ்சு அசையவில்லை. இருபது விநாடி, முப்பது, ஒரு நிமிடம் எண்ணினேன். அடுத்த மூச்சு வரவில்லை. முடிச்சு விழும்போது அவர் இருந்தாரா, நான் மணி பார்த்த அந்தக் கணத்தில் போனாரா, முடிச்சுக்கு முந்தியே போய்விட்டாரா, எனக்குத் தெரியாது. இந்த ஒரே காரியத்துக்காக என்னை அங்கே நிறுத்தியிருந்தார். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சினான் நிமிர்ந்தான். முகமெல்லாம் ஆற்றுத் தண்ணீர். "இருந்தாரா?" என்றான்.

"ஆமாம்," என்றேன்.

அவன் கண்களை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவ்வளவு நிம்மதியை ஒரு முகத்தில் நான் பார்த்ததில்லை.

செல்வி வந்து பார்த்து அழ ஆரம்பித்தாள். அழவேண்டாம் அக்கா என்று சினான் கைகூப்பினான்; விடும் கண்ணீரெல்லாம் ஆறாகி, போகிறவர் அதைக் கடக்கவேண்டியிருக்குமாம். நான் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். படிக்கட்டில் சொட்டச் சொட்ட நின்ற ஏழுமலை, "அழுவாதக்கா," என்றான், அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஏற்கெனவே ஆத்துல தண்ணி ஜாஸ்தி. வண்டியத் தள்ளிக்கினு வந்த எனக்குத்தான் தெரியும்."

தெருமுனை டாக்டர் வந்து சான்றிதழ் கொடுத்தார். இரண்டரைக்குக் குளிர்பெட்டி வந்தது. உடலைச் சிட்னிக்கு அனுப்பும் வேலைகளை சினான் போனில் பேச ஆரம்பித்தான். நான்கு மணிக்குச் சமையலறையில் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் புள்ளகிட்டச் சொன்னது நெசந்தானா?"

"ஏன் கேக்குற?"

"நோட்ட எடுத்து வெச்சிக்கினு ஒரு மணி நேரமா பேனாவ மூடிமூடித் தொறக்கறீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொன்னேன், அந்த விதவையின் கதை உட்பட. கரண்ட் பில் விஷயம் வந்தபோது செல்வி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "வுட்டுடுங்க," என்றாள். "ஆமான்னு சொல்லிட்டீங்க. அந்தப் புள்ள நிம்மதியா ஊருக்குப் போவும். இல்லன்னாலும் தாத்தாவுக்குப் பதிலா நிக்கத்தான் ஆளே இல்லியே? சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அவள் சொன்னது சரி. அதனால்தான் பயம் அதிகமானது. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பெண் அங்கே போய் நின்றாள். இன்று 11.22-க்கு அவள் பின்னால் இன்னொருவர் போய் நின்றிருக்கலாம். இரண்டு பேரையும் நிறுத்தியது அதே பதில். என் பதில் அவருடைய பதிலைப் போலவேதான் வந்தது. நினைப்பதற்குள் வாயில் இருந்தது.

மாலை ஆறு மணிக்கு, நோட்டில் பத்தாம் தேதிப் பக்கத்தைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. வரைபடத்தில் ஒரு கோணம் பிசகினால் அதற்குப் பிறகு வரும் கோடுகள் எல்லாம் பிசகும். முதல் கோட்டுக்குத்தான் திரும்பிப்போக வேண்டும். அந்தப் பெண் உடையில்லாமல் போயிருந்தால் கடிதம் சேரவில்லை. கடிதம் சேரவில்லை என்றால் பெரியவர் பெருங்குரு ஆகவில்லை. ரிஷம்மாவும் இல்லை. முப்பது வயதில் எந்தப் படியில் இருந்தாரோ அதே படியில், சாதாரண குருவாக இறந்திருக்கிறார். சாதாரண குருவுக்கு நிகரானவர்கள் இருக்கிறார்கள்.

அவரைக் காப்பாற்ற ஒரே வழி, அவர் வாழ்நாள் முழுவதும் எதற்குப் பயந்தாரோ அதைச் சொல்வது. சொன்னால் அவர் மக்களுக்கு அவர் தலைவராக இருந்ததே இல்லை என்று ஆகும். அதைச் சொல்ல நான் யார்? ஆற்றையே சரியாகப் பார்க்காத ஊரில், வாடகைக்கு மாடி விட்டவன்.

செல்வியிடம் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொம்பளயும் போயிடுவாளா?" என்று கேட்டாள்.

"அவளுக்காக ஒரு பெண் உடுத்தினால்."

"அப்போ சொல்லுங்க."

நவம்பர் 15, புதன்கிழமை. 5.10-க்கு எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறினேன். சினான் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். நின்றுகொண்டே சொன்னேன். முதலில் நான் மணி பார்த்ததை. பிறகு அந்தப் பெண்ணை. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், எல்லாம் எழுதியபடி.

 முடிந்ததும் அவன் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தான்.

"என் கல்யாணத்தை மாமாதான் நடத்தினார்," என்றான். "அதற்குப் பெருங்குரு வேண்டும்."

"தெரியும்."

"அவர் உயர்த்திய ஏழு பேரில் மூன்று பேர் சிட்னியில் இருக்கிறார்கள். இந்த உடலை இறக்கிக்கொள்ள அவர்கள்தான் ஏர்போர்ட்டுக்கு வரப்போகிறார்கள்." என்னைப் பார்த்தான். "நேற்று ஆமாம் என்றீர்கள். அப்படியே விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்," என்றேன்.  அடிப்பான் என்றுகூட நினைத்தேன்.

நெடுநேரம் உள்ளே கிடந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டான். சொன்னேன். தாயின் பெயரையும் கேட்டான். அதையும் சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். சிட்னியில் அப்போது காலை பதினொன்றைத் தாண்டியிருக்கும். போனை எடுத்து எண்களை அழுத்திவிட்டு, மறுமுனையில் எடுப்பதற்காகக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"இரண்டு பேருக்கு உடை கொடுக்கவேண்டும் என்று," என்றான். "ஒரு பெண். ஒரு குரு."